ஒயின் ‘லைட்’டுதானா? பாட்டிலில் இருக்கும் சதவீதத்தைப் படிப்பது எப்படி

சென்னையில் மதுக்கடைக்கு இன்னும் ஒயின் ஷாப் என்றுதான் பெயர். சில்லறை விற்பனையை 2003-ல் டாஸ்மாக் எடுத்துக்கொண்ட பிறகும் பேச்சில் அந்தப் பெயர் போகவில்லை. ஆட்டோக்காரரிடம் வழி கேட்டால், “ஒயின் ஷாப் தாண்டி லெஃப்ட்ல திரும்புங்க” என்பார். ஆனால் அந்தக் கடையில் பிராந்தியும் ரம்மும் பீரும்தான் அதிகம் போகும். ஒயின் எங்கோ மேல்தட்டில் தூசியோடு இருக்கும். அதனாலோ என்னவோ, ஒயினைக் குடித்தவர்களைவிட அதைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள்தான் நம் ஊரில் அதிகம். கேள்விப்பட்டதும் பெரும்பாலும் ஒரே செய்திதான்: “ஒயின்ல ஒண்ணும் இல்லப்பா, அது லைட்டு.”

நான் ஒரு கேட்டரிங் கல்லூரியில் பானங்கள் பரிமாறும் பாடம் எடுக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் முதல் வாரத்திலேயே யாராவது ஒரு மாணவர் இதைக் கேட்டுவிடுவார். “மேடம், ஒயின்ல ஆல்கஹால் கம்மிதானே?” நேரடியாக ஆமாம், இல்லை என்று இதற்குச் சொல்ல முடியாது. எந்த ஒயின், எவ்வளவு ஊற்றினீர்கள் என்ற இரண்டு கேள்விகளைத் திருப்பிக் கேட்காமல் பதில் வராது.

முதலில் அந்த எண்ணைப் பார்ப்போம். பாட்டிலின் லேபிளில் மூலையில் சிறிய எழுத்தில் 13% வி/வி என்று இருக்கும். சில பாட்டில்களில் ஏபிவி என்று போட்டிருப்பார்கள். இரண்டும் ஒன்றே. பானத்தின் கொள்ளளவில் எத்தனை சதவீதம் சுத்தமான எத்தனால் என்பதுதான் அதன் பொருள். 100 மில்லி ஒயினில் 13 மில்லி எத்தனால். இது எடைக் கணக்கு கிடையாது, அளவுக் கணக்கு. எத்தனால் தண்ணீரைவிட லேசானது, ஒரு மில்லி 0.789 கிராம்தான் இருக்கும். டாக்டர்களும் போலீஸும் கிராமில் பேசுவார்கள் என்பதால் இந்த 0.789-ஐ நினைவில் வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

நம் ஊர் பிராந்தி, விஸ்கி, ரம் பாட்டில்களில் வழக்கமாக இருக்கும் 42.8 என்ற விசித்திரமான எண்ணுக்கும் ஒரு கதை உண்டு. 40 என்றோ 43 என்றோ இல்லாமல் ஏன் 42.8? பிரிட்டிஷ்காரர்கள் மதுவின் வலிமையை ‘ப்ரூஃப்’ என்ற அளவில் கணக்கிட்டார்கள். அவர்களுடைய 100 ப்ரூஃப் என்பது இன்றைய கணக்கில் சுமார் 57.1 சதவீதம். அதில் முக்கால் பங்கு, அதாவது 75 ப்ரூஃப், 42.8 சதவீதம். வெள்ளைக்காரன் போய் எத்தனையோ ஆண்டுகள் ஆகியும் அவன் போட்ட கணக்கு குவார்ட்டர் பாட்டிலின் மேல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

ஈஸ்ட் எங்கே நிற்கிறதோ, அங்கே சதவீதம்

சாதாரண ஒயினில் ஆல்கஹாலை யாரும் ஊற்றுவதில்லை. திராட்சைச் சாற்றில் இருக்கும் சர்க்கரையை ஈஸ்ட் தின்று, எத்தனாலையும் கரியமில வாயுவையும் வெளியே விடுகிறது. இட்லி மாவு புளித்துப் பொங்கும்போது வருகிற குமிழிகளைப் பார்த்திருப்பீர்களே, வேலை செய்யும் நுண்ணுயிர்கள் வேறு என்றாலும் சர்க்கரையைத் தின்று வாயுவை விடுகிற சங்கதி அதேதான். தோராயக் கணக்கு இது: ஒரு லிட்டர் சாற்றில் இருக்கும் ஒவ்வொரு 17 கிராம் சர்க்கரையும் ஒரு சதவீத ஆல்கஹாலாக மாறும். லிட்டருக்கு 220 கிராம் சர்க்கரை இருந்தால், எல்லாம் நொதித்து முடிந்ததும் 13 சதவீத ஒயின் கிடைக்கும்.

ஆகவே பழம் எவ்வளவு இனிப்போ அவ்வளவு சரக்கு. வெயில் காயும் ஊரில் திராட்சை நன்றாகப் பழுத்துச் சர்க்கரை ஏறும், குளிர்ந்த ஊரில் ஏறாது. ஜெர்மனியின் மோசல் பள்ளத்தாக்கில் லேசான ரீஸ்லிங் ஒயின்கள் 8, 9 சதவீதத்திலேயே கிடைக்கின்றன. ஆஸ்திரேலியாவின் பரோசா பகுதி ஷிராஸ் 14.5-ஐத் தொடுவது சாதாரணம். நாசிக்கிலிருந்து நமக்கு வரும் ஒயின்களில் பெரும்பாலானவை 12-க்கும் 14-க்கும் நடுவில் இருக்கும். ஷாம்பெயின் சுமார் 12. இத்தாலியின் மொஸ்காத்தோ தஸ்தி என்ற இனிப்பு நுரை ஒயின் ஐந்தரையை ஒட்டி நின்றுவிடும், ஏனென்றால் ஈஸ்ட் பாதி சர்க்கரையைத் தின்னும்போதே சாற்றைக் குளிரவைத்து நொதித்தலை நிறுத்திவிடுகிறார்கள். சிவப்பு ஒயின்தான் ஸ்ட்ராங், வெள்ளை லைட் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி விதி எதுவும் இல்லை. நிறம் தோலிலிருந்து வருகிறது, ஆல்கஹால் சர்க்கரையிலிருந்து வருகிறது.

ஈஸ்ட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. தான் உண்டாக்கிய ஆல்கஹாலிலேயே அது ஒரு கட்டத்தில் மூழ்கிச் செத்துவிடும். பெரும்பாலான ஒயின் ஈஸ்ட்டுகளுக்கு அந்தக் கட்டம் 15, 16 சதவீதம். இதனால்தான் சாதாரண ஒயினில் அதற்கு மேல் எண்ணைப் பார்ப்பது அரிது.

ஆயாவின் இரண்டு டம்ளர்

இனிப்புக்கும் வலிமைக்கும் என்ன சம்பந்தம் என்பதில்தான் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள். எங்கள் ஆயாவும் விழுந்தார்.

நான் வளர்ந்தது பெரம்பூரில். பக்கத்தில் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் நிறைய. டிசம்பர் வந்தால் பக்கத்து வீட்டு ஆண்ட்டியின் சமையலறை மூலையில் துணி கட்டிய பீங்கான் ஜாடி ஒன்று இருக்கும். கிறிஸ்துமஸ் அன்று பிளம் கேக்கோடு ஒரு சில்வர் சொம்பில் ஒயினும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். ஆயா வாழ்நாளில் மதுவைத் தொட்டதில்லை. ஒரு வருடம் ஆண்ட்டி, “கொஞ்சம் டேஸ்ட் பாருங்க ஆயா, கிரேப் ஜூஸ்தான்” என்று டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். “நல்லாத்தான் கீது, பானகம் மாதிரி” என்று ஆயா குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கினார். அரை மணி நேரம் கழித்து எழுந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் சிவந்து, வேர்த்து, “கிர்ருன்னு சுத்துதுடி” என்றபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். அன்று ராத்திரி முழுக்க அம்மா அவர் பக்கத்திலேயே விழித்திருந்தார். ஆண்ட்டி அழுதேவிட்டார். அவரும் அதை ஜூஸ் என்றுதான் உண்மையாக நம்பியிருந்தார்.

வீட்டு ஒயினின் கணக்கைப் போட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும். அந்த ஜாடிக்குள் போகும் வழக்கமான அளவு இது: ஒரு கிலோ பன்னீர் திராட்சை, முக்கால் கிலோ சர்க்கரை, ஒன்றரை லிட்டர் தண்ணீர், ஈஸ்ட், ஒரு கைப்பிடி கோதுமை, பட்டை கிராம்பு. (செய்முறையாக இதைச் சொல்லவில்லை. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937-ன்படி குற்றம்.) திராட்சையில் சுமார் 170 கிராம் சர்க்கரை, நாம் போட்டது 750 கிராம், ஆக 920. மொத்தச் சாறு 2.7 லிட்டர் அளவில் வரும். லிட்டருக்கு 340 கிராம் சர்க்கரை. 17-ஆல் வகுத்தால் 20 சதவீதம் வர வேண்டும். ஆனால் எந்தச் சாதாரண ஈஸ்ட்டும் 20 வரை உயிரோடு இருக்காது. ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட் இன்னும் முன்னதாகவே சோர்ந்துவிடும். 11, 12 சதவீதத்தில் அது நின்றுபோனது என்று வையுங்கள். மிச்சம் இருக்கும் சர்க்கரை அப்படியே பானத்தில் தங்கி நாக்கில் பானகமாக இனிக்கிறது. உள்ளே ஆல்கஹால் மட்டும் கடையில் விற்கும் ஒயின் அளவுக்கு இருக்கிறது. இனிப்பு, ஆல்கஹாலின் காரத்தை மூடி மறைத்துவிடுகிறது.

அந்த சில்வர் டம்ளர் இப்போது என் வீட்டில் இருக்கிறது. பெக் அளவையால் அளந்து பார்த்தேன், விளிம்புக்குக் கொஞ்சம் கீழே வரை 160 மில்லி. இரண்டு டம்ளர் 320 மில்லி, 12 சதவீதம் என்றால் 38 மில்லி சுத்த ஆல்கஹால். 30 மில்லி ஸ்மால் பிராந்தியில் இருப்பது 12.8 மில்லி. மதுவையே தொடாத ஆயா அன்று மூன்று ஸ்மால் குடித்ததற்குச் சமம்.

நாக்கை நம்பாமல் அளப்பதற்கு ஹைட்ரோமீட்டர் என்ற கண்ணாடிக் குழல் இருக்கிறது. பால்காரர்கள் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று மிதக்கவிட்டுப் பார்க்கும் லாக்டோமீட்டரின் உறவுக்காரர். சர்க்கரை கரைந்த சாறு தண்ணீரைவிட அடர்த்தியானது, குழல் உயரமாக மிதக்கும். சர்க்கரை ஆல்கஹாலாக மாற மாற அடர்த்தி குறையும், குழல் இறங்கும். தண்ணீரின் அடர்த்தியை 1.000 என்று வைத்தால், தொடக்கத்தில் 1.100, முடிவில் 1.010 என்று காட்டினால், வித்தியாசமான 0.090-ஐ 131.25-ஆல் பெருக்குங்கள். 11.8 சதவீதம். முடிவு எண்ணை மட்டும் பார்த்து எதையும் சொல்ல முடியாது. எங்கே தொடங்கினோம் என்பது தெரிந்தால்தான் எவ்வளவு தூரம் வந்தோம் என்று தெரியும்.

போர்ட், ஷெர்ரி, மதேரா: வலுவூட்டிய ஒயின்கள்

ஈஸ்ட் 15-ல் நின்றுவிடும் என்றால், போர்ட் ஒயின் லேபிளில் 20 என்று எப்படி வருகிறது? அங்கே நிஜமாகவே வெளியிலிருந்து ஊற்றுகிறார்கள். போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கில் நொதித்தல் பாதியில், ஆல்கஹால் 6 சதவீத அளவில் இருக்கும்போதே, ஒயினைக் காய்ச்சி வடித்த 77 சதவீத திராட்சை ஸ்பிரிட்டைச் சேர்ப்பார்கள். அந்த அடியில் ஈஸ்ட் செத்துவிடும், சர்க்கரை தப்பிவிடும். அங்கே மரபான பீப்பாயின் அளவு 550 லிட்டர். அதில் 440 லிட்டர் சாறு, 110 லிட்டர் ஸ்பிரிட் என்று வையுங்கள். சாற்றிலிருந்து 26.4 லிட்டர் ஆல்கஹால், ஸ்பிரிட்டிலிருந்து 84.7 லிட்டர். கூட்டி 550-ஆல் வகுத்தால் 20.2 சதவீதம். இந்தக் கணக்கை நான் கரும்பலகையில் போடும்போது மாணவர்களின் முகம் மாறும். போர்ட்டில் இருக்கும் ஆல்கஹாலில் முக்கால் பங்குக்கு மேல் அந்த ஸ்பிரிட்டிலிருந்து வந்தது.

ஸ்பெயினின் ஹெரெஸ் ஊரில் செய்யும் ஷெர்ரியில் முறை வேறு. முதலில் சர்க்கரை முழுவதும் தீரும்வரை நொதிக்கவிட்டு, பிறகுதான் ஸ்பிரிட் சேர்ப்பார்கள். எவ்வளவு சேர்க்கிறார்கள் என்பதை வைத்து ஒயினின் குணமே மாறிப்போகிறது. 15 சதவீத அளவில் நிறுத்தினால், ஒயினின் மேல் ‘ஃப்ளோர்’ என்ற ஈஸ்ட் ஏடு வெள்ளையாகப் படர்ந்து காற்று படாமல் காக்கும். அது ஃபினோ. 17-க்கு ஏற்றினால் அந்த ஏடு பிழைக்காது, ஒயின் காற்றோடு உறவாடிப் பழுப்பாகி ஒலொரோசோ ஆகும். இரண்டு சதவீதம், இரண்டு வெவ்வேறு பானம். எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகப் பிடித்த இடம் இதுதான்.

மதேராவுக்கு நம் ஊரோடு பழைய தொடர்பு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் மதேராத் தீவில் நின்று பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு இந்தியாவுக்கு வந்தன. சாதாரண ஒயின் அந்த மாதக்கணக்கான வெப்பத்தில் கெட்டுப்போகும். ஸ்பிரிட் சேர்த்த மதேரா சூட்டில் வெந்து இன்னும் ருசி கூடியது. ஜார்ஜ் கோட்டையின் வெள்ளைக்காரர்கள் அதை விரும்பிக் குடித்தார்கள். அதன் வலிமை பெரும்பாலும் 17-லிருந்து 20 வரை.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். கோவா போய் வருகிறவர்கள் வாங்கி வரும் இனிப்பான ‘போர்ட் ஒயின்’, போர்ச்சுகல் போர்ட்டாகத்தான் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். பெயரை விட்டுவிட்டு லேபிளில் எண்ணைத் தேடுங்கள்.

கலவைப் பானங்கள்

வெர்மூத் என்பது ஒயினில் மூலிகைகளை ஊறவைத்து ஸ்பிரிட் சேர்த்தது. 15 முதல் 18 சதவீதம் இருக்கும். ஸ்ப்ரிட்ஸர் என்றால் ஒயினும் சோடாவும் சரிபாதி, 12 சதவீத ஒயின் 6 ஆகிவிடும். மிமோசா நுரை ஒயினும் ஆரஞ்சுச் சாறும் சரிபாதி, அதுவும் 6. ஐரோப்பாவில் குளிர்காலத்தில் சூடாகக் குடிக்கும் க்ளூவைன் குறைந்தபட்சம் 7 சதவீதம் இருந்தாக வேண்டும் என்று அங்கே சட்டம். இஞ்சி ஒயின் என்று நம் வீடுகளில் காய்ச்சுவது இஞ்சியும் சர்க்கரையும் கொதித்த தண்ணீர். நொதிக்க விடாதவரை அதில் ஆல்கஹால் இல்லை.

சங்ரியாவைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சென்னையின் பார்ட்டிகளில் பெரிய கண்ணாடி ஜாடியில் வந்து நிற்பது இதுதான். ஒரு முழு பாட்டில் 12.5 சதவீத ஒயின், அரை லிட்டர் பழச்சாறு, கால் லிட்டர் சோடா. ஒயினில் 94 மில்லி ஆல்கஹால், மொத்தம் ஒன்றரை லிட்டர், ஆகவே 6 சதவீதத்துக்குச் சற்று மேல். நல்லது. இப்போது யாரோ ஒருவர், “கொஞ்சம் கிக் வேணும்ல” என்று இரண்டு லார்ஜ் பிராந்தியை அதில் கவிழ்க்கிறார். 120 மில்லியில் 51 மில்லி ஆல்கஹால். ஜாடி 9 சதவீதத்துக்கு ஏறிவிட்டது. நிறம் மாறவில்லை, ஆரஞ்சுத் துண்டு அதே இடத்தில் மிதக்கிறது, ருசியும் ஏறக்குறைய அதேதான். கலவைப் பானத்துக்கு லேபிள் கிடையாது. கலந்தவருக்கு மட்டும்தான் எண் தெரியும், பல நேரம் அவருக்கும் தெரியாது. எல்லோருக்குமாகக் கலக்கும் ஜாடியில், அருகில் நிற்கிறவர்களுக்குச் சொல்லாமல் ஸ்பிரிட் சேர்ப்பதை நான் மன்னிக்கவே மாட்டேன்.

எவ்வளவு ஊற்றினீர்கள்?

சதவீதம் பாதிக் கணக்குதான். மீதிப் பாதி அளவு. என் மாணவர்களில் பலருக்கு 21 வயது ஆகவில்லை, இந்த மாநிலத்தில் அவர்கள் மது அருந்தக்கூடாது. எனவே வகுப்பில் ரோஸ்மில்க் எசன்ஸ் கலந்த தண்ணீரை ஊற்றச் சொல்வேன். பெரிய சிவப்பு ஒயின் கிளாஸைக் கொடுத்து, “ஒரு கிளாஸ் ஒயின் ஊற்றுங்கள்” என்பேன். பிறகு அதை அளவுக் குவளையில் கொட்டிப் பார்ப்போம். ஓட்டலில் பரிமாற வேண்டியது 150 மில்லி, ஒரு பாட்டிலுக்கு ஐந்து கிளாஸ். பிள்ளைகள் ஊற்றியது 220, 250, ஒருமுறை 290. கிளாஸ் அகலமாக இருப்பதால் 250 மில்லிகூட பாதிதான் நிரம்பியதாகக் கண்ணுக்குத் தெரியும். 13 சதவீதத்தில் 250 மில்லி ஒயின் என்பது 32.5 மில்லி ஆல்கஹால், அதாவது ஒன்றேகால் லார்ஜ் பிராந்தி.

இன்னொரு ஒப்பீட்டையும் கேளுங்கள். 180 மில்லி குவார்ட்டர் பிராந்தியில் 77 மில்லி ஆல்கஹால். 650 மில்லி ஸ்ட்ராங் பீர் 8 சதவீதம் என்றால் 52 மில்லி. 13 சதவீத ஒயின் 750 மில்லி பாட்டிலில் 97.5 மில்லி. “ஒயின் ஒரு பாட்டில் அடிச்சேன், ஒண்ணும் ஆகல” என்கிறவர், ஒரு குவார்ட்டரும் அதற்கு மேல் ஒரு ஸ்மாலும் ஒரு வாயும் குடித்திருக்கிறார்.

லேபிளில் இருக்கும் எண்ணும் துல்லியமானதில்லை. ஐரோப்பாவில் பொதுவாக அரை சதவீதம் முன்பின் இருக்கலாம். அமெரிக்காவில் 14 சதவீதம் வரையுள்ள ஒயினுக்கு ஒன்றரை சதவீதம்வரை விலகலை அனுமதிக்கிறார்கள். 13 என்று போட்டது 14 ஆகவும் இருக்கக்கூடும் என்பதால், கணக்குப் போடும்போது மேல்பக்கமாகவே போடுங்கள்.

கடைசியாக, 0.789. ஒரு 150 மில்லி கிளாஸில், 13 சதவீதம் என்றால், 19.5 மில்லி எத்தனால், 15.4 கிராம். ஸ்வீடன் விஞ்ஞானி எரிக் விட்மார்க் 1932-ல் வெளியிட்ட கணக்கின்படி, 70 கிலோ எடையுள்ள ஓர் ஆண் வெறும் வயிற்றில் இதைக் குடித்தால் 100 மில்லி ரத்தத்தில் சுமார் 32 மில்லிகிராம் ஆல்கஹால் ஏறும். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 50 வரை போகும். சாப்பிட்டிருந்தால் குறையும், மணிக்குச் சராசரியாக 15 மில்லிகிராம் இறங்கும், ஆளுக்கு ஆள் மாறும். மோட்டார் வாகனச் சட்டம் வண்டி ஓட்டுகிறவருக்கு வைத்திருக்கும் எல்லை 30 மில்லிகிராம். முதல் முறை பிடிபட்டால் 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ‘லைட்’டான ஒயினில் ஒரே ஒரு கிளாஸ் அந்தக் கோட்டைத் தாண்ட வைக்கலாம்.

இதனால் என் மாணவர்களுக்கு நான் ஒரு வாக்கியத்தைப் பழக்கியிருக்கிறேன். மேசையில் கார் சாவியை வைத்துக்கொண்டு யாராவது ஒயின் கேட்டால், கிளாஸை வைக்கும்போதே மெதுவாகக் கேட்டுவிட வேண்டும்: “சார், போகும்போது டிரைவர் யாராவது வர்றாங்களா, இல்ல நாங்க வண்டி சொல்லட்டுமா?”